ஒரு கம்பியில் பல கருவிகள்

காரியவட்டத்து விடுதி ஒன்றில் ஒரே ஓர் அழைப்பு மணி இருப்பதாகக் கொள்வோம். பத்து அறைகளின் கயிறுகளும் அம்மணிக்கே வருகின்றன. மணி ஒலிக்கிறது; அழைத்தவர் யாரென்று அது சொல்லாது. பணியாள் ஒவ்வோர் அறை வாசலிலும் கொடி தொங்குகிறதா என்று பார்த்தே அறிய வேண்டும். கணிப்பொறிக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுவே.

வட்டு, வலையட்டை முதலிய கருவிகள் செயலியின் கவனத்தைக் கோரி எழுப்பும் குறிப்பைக் குறுக்கீடு என்பர். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறியில் இதற்கென எட்டே கம்பிகள் இருந்தன. கருவிகள் பெருகின; கம்பிகள் அவ்வாறு பெருகவில்லை. எனவே பின்வந்த பி.சி.ஐ. முறையில் ஒரு கம்பியைப் பல கருவிகள் பகிர்வது வழக்கமாயிற்று. கடைசிக் கருவி கையை விடும் வரையில் மணி ஓயாது.

லினக்ஸ் கருனியில் கம்பியைக் கேட்கும் ஒவ்வோர் இயக்கியும், பகிரச் சம்மதம் என்று முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். ஒன்று மறுத்தாலும் பகிர்வு இல்லை. குறுக்கீடு வந்ததும் கருனி அக்கம்பியில் பதிந்துள்ள இயக்கிகள் அனைத்தையும் வரிசையாக அழைக்கும். "என்னுடையதே" என்று ஒன்று சொன்னவுடன் நிறுத்திவிடாது. இருவர் ஒருங்கே மணியடித்திருக்கலாமன்றோ? ஒவ்வோர் இயக்கியும் தன் கருவியின் நிலைப் பதிவேட்டைப் படித்து, "கவனித்தேன்" அல்லது "என்னுடையதன்று" என்று விடை பகர வேண்டும்.

இங்கே பொய் சொன்னால் என்ன ஆகும்? அதை நானே செய்து பார்த்தவன். நான் எழுதிய இயக்கி, பதிவேட்டைப் பாராமலே எப்போதும் "கவனித்தேன்" என்றது. அதே கம்பியிலிருந்த மற்றோர் அட்டையின் இயக்கியோ, தன் கொடியை இறக்கத் தவறிற்று. கருனிக்கு ஒரு காவல் உண்டு: 1,00,000 குறுக்கீடுகளில் 99,900-க்கு மேற்பட்டவற்றை எவரும் ஏற்காவிடில், அது புலம்பிவிட்டுக் கம்பியை மூடிவிடும். அதனால் குற்றமற்ற அண்டைக் கருவிகளும் முடங்கலாம் என்றாலும், காரணமாவது தெரியவரும். என் பொய்யால் காவலும் உறங்கிற்று. எந்திரம் வாய்திறவாமல் உறைந்து நின்றது. மூன்று இரவுகள் நாங்கள் குறை தேடியது அடுத்தவர் நிரலில்!

இதனினும் சிக்கலானது, இரு இயக்கிகள் ஒரே நிலைப் பதிவேட்டைப் பகிர்வது. சில பதிவேடுகள் படித்த மாத்திரத்தில் அழிந்துவிடும். முதலில் படித்தவர் அண்டையார் கொடியையும் இறக்கிவிடுவார். அவருடைய அழைப்பு தொலைந்தே போகும். வேறு சில, ஒன்று என்று எழுதிய இடம் மட்டும் அழியும் வகையின. அவற்றில் பழைய மதிப்பைப் படித்து, நம் பிட்டையும் சேர்த்துத் திரும்ப எழுதுதல் பெரும் பிழை. அங்கு ஏற்கெனவே ஒன்றாக நிற்கும் பிறர் பிட்டுகளும் உடன் அழியும். நம் பிட்டை மட்டுமே எழுத வேண்டும். முறையான வழி, பதிவேட்டைத் தாய் இயக்கி ஒன்றிடம் ஒப்படைப்பது. அது ஒருமுறை படித்து, ஒவ்வொரு பிட்டையும் தனிக் குறுக்கீட்டு எண்ணாக்கிச் சேய் இயக்கிகளுக்கு வழங்கும். சேய்கள் பதிவேட்டைத் தொடுவதேயில்லை.

நம் திருவனந்தபுரத்துச் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய வேகா செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சார்ந்தவை. அவ்வகைக்கு வகுக்கப்பட்ட பொதுக் குறுக்கீட்டுக் கட்டுப்பாட்டமைப்பில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. செயலி ஒரு பதிவேட்டைப் படித்தால், காத்திருப்பவற்றுள் முதன்மையானதன் எண் கிடைக்கும். அப்படிப்பே அதனை ஏற்றதாகும். வேலை முடிந்ததும் அவ்வெண்ணைத் திரும்ப எழுதவேண்டும. பல கருக்கள் ஒருங்கே படித்தாலும் ஓர் எண் ஒரு கருவுக்கே சேரும். வேறொன்றும் காத்திராவிடில் மற்றவை பெறுவது சுழியம். ஆனால் ஒரே எண்ணுக்குள் இரு கருவிகள் இணைக்கப்பட்டிருப்பின், கொடி பார்க்கும் வேலை மீண்டும் இயக்கிகளுடையதே.

இன்றைய புதிய அட்டைகள் பல, கம்பிக்குப் பதில் செய்தி எழுதியே அழைப்பதால் பகிர்வு குறைந்து வருகிறது. ஆயினும் உங்கள் லினக்ஸ் பொறியில் 'ப்ராக்' கோப்பகத்திலுள்ள 'இன்டரப்ட்ஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரே வரியில் காற்புள்ளியிட்டு இரு பெயர்கள் நின்றால், அங்கே ஒரு மணிக்கு இரு கயிறுகள் உள்ளன.