வீட்டு முயல் எதிர்பாராமல் குட்டி போட்டால்



ஆடு, மாடு, கோழி வளர்ப்பது நமக்குப் பழகிய வேலை. முயல் அப்படி இல்லை. பெரும்பாலும் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்பதால்தான் முயல் நம் லயத்துக்கு வருகிறது. அதன் பழக்கவழக்கம் தெரியாததால் பல வீடுகளில் குட்டிகள் வீணாகச் செத்துப் போகின்றன.

ஒரு லயத்தில் நடந்ததைப் பாருங்கள். தகப்பன் தன் மகளுக்காகச் சந்தையில் இரண்டு முயல் வாங்கி வந்தார். "ரெண்டும் பொட்டைதாங்க" என்று விற்றவர் சொன்னார். சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் பிள்ளை ஓடிவந்து, "அம்மா, முயல் அது முடியை அதே பிச்சுப் போடுதும்மா" என்றது. ஏதோ சொறி என்று நினைத்து, தேங்காய் எண்ணெய் பூசிவிட்டு அம்மா கொழுந்தெடுக்கப் போய்விட்டார். மாலையில் வந்து பார்த்தால் கம்பித் தரையில் ஏழு குட்டிகள். அன்று முழுக்க மழையும் குளிரும். ஐந்து குட்டி விறைத்துச் செத்துக் கிடந்தன. ஆண் முயலும் அதே கூட்டில் இருந்ததால் அடுத்த மாதமே மறுபடி ஆறு குட்டி. தாய் முயல் எலும்பும் தோலுமாகிவிட்டது. பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

யாரும் வேண்டுமென்று செய்த தப்பு இல்லை. தெரியாமல் நடந்தது. ஆகவே தெரிந்துகொள்வோம்.

ஆணா, பெண்ணா?

வாலுக்குக் கீழே முன்பக்கம் உள்ள துவாரத்தை இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஆணுக்குச் சின்னக் குழாய் போல வட்டமாக எழும்பும். பெண்ணுக்கு நீளவாட்டில் பிளவு போலத் தெரியும். சின்னக் குட்டியில் ஏமாந்து போவது சுலபம். ஆகவே வாங்கும்போது ஒரு தரமும், மூன்று மாதம் ஆகும்போது இன்னொரு தரமும் பார்ப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் பெருகுகிறது?

மாடு பருவத்துக்கு வரும்வரை நாம் காத்திருக்கிறோம். முயலுக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆண் சேர்ந்த பிறகே பெண்ணுக்குக் கருமுட்டை வெளிவருகிறது. அதனால் எந்த நாளிலும் சினைப்படலாம். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். குட்டி போட்ட அன்றே ஆண் சேர்ந்தால் மறுபடியும் சினைப்படும். ஒரு ஈத்துக்கு 6 குட்டி என்று வைத்தாலும், இரண்டு முயல் இருந்த வீட்டில் சுமார் 62 நாளில் 14 முயல்! ஒரு பக்கம் பால் கொடுத்துக்கொண்டு, மறுபக்கம் வயிற்றில் குட்டியைச் சுமக்கும் தாயின் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

எனவே சினை என்று தெரிந்ததும், குட்டி போடுவதற்கு முன்பே ஆணை வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். இதுதான் இந்தப் பாடத்தில் முக்கியமான விஷயம்.

முடியைப் பிய்த்தால்

முயல் வாயில் புல்லைக் கவ்வித் திரிவதும், நெஞ்சு, வயிற்று முடியைப் பிய்ப்பதும் பெரும்பாலும் குட்டி போடப் போகும் அடையாளம். உடனே ஒரு மரப்பெட்டி வையுங்கள். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் போதும். தாய் ஏறி இறங்க ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, உள்ளே காய்ந்த புல்லை நிரப்புங்கள். மழைச்சாரல் படாத, நாயும் எலியும் வராத இடமாக இருக்கட்டும்.

தாய் பால் கொடுக்கவில்லையா?

"நாள் பூரா பக்கத்திலயே போகல" என்று பலர் பயப்படுகிறார்கள். முயல் ஒரு நாளைக்கு ஒரு தரம், சில சமயம் இரண்டு தரம்தான் பால் கொடுக்கும். அதுவும் சில நிமிஷம்தான், அநேகமாக இரவிலோ விடியற்காலையிலோ. குட்டியின் வயிற்றைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் பால் குடித்திருக்கிறது. வயிறு ஒட்டிச் சுருங்கி இருந்தால் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். பசும்பாலை நீங்களாகப் புகட்ட வேண்டாம்.

பூனையைப் போல முயல் குட்டியை வாயில் கவ்வி எடுத்து வைக்காது. பெட்டிக்கு வெளியே விழுந்த குட்டி அங்கேயே கிடந்து விறைத்துவிடும். கை கழுவிவிட்டு அதை எடுத்து, உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி மற்றக் குட்டிகளோடு சேருங்கள். கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். தினமும் பார்த்து, செத்த குட்டி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

தீனியும் மருந்தும்

தாய்க்குப் புல்லும் சுத்தமான தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய் நிறையத் தண்ணீர் குடிக்கும். களைமருந்து அடித்த மலையில் புல் அறுக்காதீர்கள். லீக்ஸ், உருளைக்கிழங்கு இலை, தக்காளி இலை ஆகாது. கரட் கிழங்கு கொஞ்சமாகக் கொடுக்கலாம். வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் மருந்தை முயலின் வாயில் போடவே கூடாது. குடல் கெட்டு உயிரே போகலாம்.

எப்போது பிரிப்பது?

குட்டி சுமார் 10 நாளில் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் புல்லைக் கடிக்கத் தொடங்கும். ஆறு வாரமாவது தாயோடு இருக்கட்டும். அதற்கு முன் யாருக்கும் கொடுக்க வேண்டாம். 10 வாரத்தில் ஆணையும் பெண்ணையும் வேறுவேறாகப் பிரியுங்கள். அண்ணன் தங்கை என்ற கணக்கு முயலுக்குக் கிடையாது.

ஞாபகம் வைக்க: வாங்கும்போதே ஆண், பெண் பாருங்கள். இரண்டுக்கும் இரண்டு கூடு. முடி பிய்த்தால் பெட்டி. குட்டி வெளியே கிடந்தால் சூடு.

இதை உங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். முயலைக் கேட்டது அவர்கள்தான். நாம் மலையில் நிற்கும் நேரத்தில் கூட்டுப் பக்கம் போய்ப் பார்ப்பதும் அவர்கள்தான்.