குடில் நட்சத்திரம் மினுக்க ஒரு 555 போதும்

வைக்கோலும் காகிதமுமாகக் கட்டும் கிறிஸ்துமஸ் குடிலுக்குள் 230 வோல்ட் சீரியல் லைட்டை இழுத்துவிடுவது பலருக்கும் பழக்கம். அதைவிட, 9 வோல்ட் பேட்டரியில் மினுக்கும் சிறிய எல்.இ.டி. சர்க்யூட் எவ்வளவோ பாதுகாப்பானது. மினுக்கும் வேகத்தையும் நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு வேண்டியது 555 டைமர் ஐசி. 1971-இல் ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்த இந்த எட்டுக் கால் சில்லு, அடுத்த ஆண்டு சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்தது. சென்னை ரிச்சி தெருவில் இன்றும் ஒன்றிரண்டாகக் கேட்டு வாங்கலாம்.

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுமாறுவது கால்களை எண்ணுவதில்தான் என்று கண்டிருக்கிறேன். ஐசியின் வெட்டுப் பள்ளம் மேலே இருக்கும்படி பிடித்தால், இடப்பக்க மேல்முனை முதல் கால். அங்கிருந்து கீழே இறங்கி, வலப்பக்கமாக மேலேறி எண்ண வேண்டும்.

முதல் கால் பேட்டரியின் மைனஸுக்கு. நான்கும் எட்டும் பிளஸ்ஸுக்கு. பிளஸ்ஸிலிருந்து ஏழாம் காலுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஏழிலிருந்து ஆறுக்கு 68 கிலோ ஓம். ஆறையும் இரண்டையும் சேர்த்து, அங்கிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். மூன்றாம் காலிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக சிவப்பு எல்.இ.டி.யின் நீண்ட கால். குட்டைக் கால் மைனஸுக்கு. கெபாசிட்டரில் பட்டை போட்ட பக்கம் மைனஸ் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பேட்டரியின் வோல்ட்டேஜில் மூன்றில் இரண்டு பங்கு வரை கெபாசிட்டர் நிரம்பும்போது விளக்கு எரியும். மூன்றில் ஒரு பங்குக்கு வடியும்போது அணையும். மேலே சொன்ன அளவுகளுக்கு, எரிந்து அணைய ஏறத்தாழ ஒரு விநாடி. குடிலின் நட்சத்திரத்துக்கு நிதானமான மினுக்கல்தான் அழகு என்பது என் எண்ணம். கெபாசிட்டரை 22 மைக்ரோஃபாரட் ஆக்கினால் சுற்றுக்கு இரண்டு விநாடிக்குச் சற்று மேல் ஆகும்.

கணக்குப் போட்ட வேகம் அப்படியே கிடைக்காது. இவ்வகைக் கெபாசிட்டர்களில் 20 சதவீதம் வரை கூடுதல் குறைவு சகஜம். ஆகவே 47, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களையும் கூடவே வாங்கி, பிரெட்போர்டில் மாற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இன்னொரு எல்.இ.டி.யைத் தனி 470 ஓம் ரெசிஸ்டருடன் பிளஸ்ஸுக்கும் மூன்றாம் காலுக்கும் நடுவே, நீண்ட கால் பிளஸ் பக்கம் இருக்கும்படி பொருத்தினால், ஒன்று அணையும்போது மற்றொன்று எரியும். நட்சத்திரத்துக்குச் சிவப்பு, குடிலின் உள்ளே மஞ்சள் என்று பிரிக்கலாம்.

வேகம் பிடித்துப்போன பிறகே பொதுநோக்கு போர்டில் சால்டர் வைக்க வேண்டும். ஐசியை நேரடியாகச் சூடாக்காமல் எட்டுக் கால் சாக்கெட்டைப் பற்றவைத்து, ஆறிய பிறகு சில்லைச் செருகலாம். பழுதானால் மாற்றுவதும் எளிது. சிறிய 9 வோல்ட் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். விழாக்காலம் முழுக்க எரிய, ஆறு பென்டார்ச் செல்களை ஒரு ஹோல்டரில் வரிசையாகப் போட்டு, ஒரு சுவிட்சையும் சேர்த்துக்கொள்ளலாம்.