நன்றியறிதல்: கனடாவின் அறுவடை நாளும் தமிழ்க் குடும்பங்களும்

கனடாவில் ஆண்டுதோறும் ஒக்ரோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி நவிலல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. புதிதாகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்நாள் முதலில் ஒரு நீண்ட வார இறுதியாகவே அறிமுகமாகிறது. பின்னர் பிள்ளைகள் வண்ணத்தாளில் வெட்டி ஒட்டிய வான்கோழியுடன் பாடசாலையிலிருந்து திரும்புகின்றனர். எதற்காக நன்றி சொல்கிறாய் என்று ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வீட்டில் விடை தேடுகின்றனர். அக்கேள்வி எளிதன்று. யாருக்கு நன்றி, எதற்கு நன்றி என்பதை இந்நாட்டு வரலாறே பலமுறை மாற்றிக் கூறியிருக்கிறது.

தமிழில் 'நன்றி' என்னும் சொல்லின் பழைய பொருள் நன்மை என்பதாகும். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்திற்குச் 'செய்ந்நன்றியறிதல்' என்று பெயர். ஒருவர் செய்த நன்மையை அறிந்து மறவாதிருத்தல் என்பதே அதன் கருத்து. அங்கே வாயால் கூறுவதைவிட அறிவதே முதன்மை பெறுகிறது. சோறு பரிமாறும் தாய்க்கு நன்றி கூறும் வழக்கம் தமிழ் வீடுகளில் இல்லை. கூறினால் தன்னை அந்நியப்படுத்திவிட்டதாகத் தாய் வருந்தவும் கூடும். கனடாவிலோ பேருந்துச் சாரதிக்கும் கதவைத் திறந்து பிடிப்பவருக்கும் நாளொன்றுக்குப் பலமுறை நன்றி கூறப்படுகிறது. இவ்விரு பழக்கங்களுக்கும் நடுவே வளரும் பிள்ளைக்கு, எவர் என்ன நன்மை செய்தார் என்று அறிந்து வைத்திருப்பதும் நன்றிதான் எனப் பெற்றோர் விளக்கலாம்.

இந்நாளின் தொடக்கமாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது 1578ஆம் ஆண்டு. ஆங்கிலேய மாலுமி மார்ட்டின் புரோபிஷர் 15 கப்பல்களுடன் இன்றைய நுனாவுட் பகுதியை நோக்கிப் புறப்பட்டார். பனிப்பாறைகளுக்கிடையே புயலில் சிக்கிய கப்பல்கள் சிதறின, ஒன்று மூழ்கியது. தப்பியவர்கள் மீண்டும் ஒன்றுகூடியபோது, உடன் சென்ற மதகுரு ராபர்ட் வுல்பால் நன்றி வழிபாடு நடத்தினார். உயிர் பிழைத்தமைக்காகச் செலுத்தப்பட்ட நன்றி அது. அறுவடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர்கள் தங்கத் தாதுவென நம்பி ஏற்றிவந்த பாறைகள் பயனற்ற கற்கள் என்பது பின்னர் இங்கிலாந்தில் தெரியவந்தது. முந்தைய ஆண்டு இதே புரோபிஷர் இனுவிற் மக்களில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஒரு குழந்தையையும் பிடித்துச் சென்றார். மூவரும் சில மாதங்களுக்குள் அங்கேயே இறந்தனர். கொண்டாட்டக் கதைகளில் இப்பகுதி அரிதாகவே இடம்பெறுகிறது.

கிழக்குக் கரையில் பிரெஞ்சுக் குடியேறிகள் 1604ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை ஒரு சிறு தீவில் கழித்தபோது, 79 பேரில் 35 பேர் மாண்டனர். போதிய ஊட்டமின்மையால் பல்லீறு அழுகும் நோயே அதற்குக் காரணம். இக்கொடுமையைக் கண்ட சாமுவேல் த ஷாம்பிளேன், 1606இல் இன்றைய நோவா ஸ்கோஷியாவிலுள்ள போட் றோயலில் முறைவைத்து விருந்தளிக்கும் கழகம் ஒன்றைத் தொடங்கினார். மிக்மாக் மக்களின் தலைவர் மெம்பர்டு அவ்விருந்துகளில் கலந்துகொண்டார். விருந்தளித்தவர்கள் அந்நிலத்திற்குப் புதியவர்கள். விருந்தினரோ அந்நிலத்துக்கு உரியவர்.

கனடியக் கூட்டாட்சி உருவான பின்னர் அரசே நன்றிக்குரிய காரணங்களை அறிவிக்கலாயிற்று. 1872 ஏப்ரல் 15ஆம் நாள் நன்றி நாளாக அனுசரிக்கப்பட்டது. கடும் நோயிலிருந்து வேல்ஸ் இளவரசர் மீண்டதே காரணம். 1879 முதல் இது ஆண்டுதோறும் வரும் விடுமுறையாயிற்று. முதல் உலகப்போருக்குப்பின், 1921இல் இயற்றப்பட்ட சட்டம் இந்நாளைப் போர்நிறுத்த நினைவு நாளுடன் நவம்பரில் இணைத்தது. அறுவடைக்கு மகிழ்வதும் போரில் மாண்டோர்க்கு வருந்துவதும் ஒரே நாளில் பொருந்தி வரவில்லை போலும். 1931இல் அவை பிரிக்கப்பட்டன. இறுதியாக 1957 ஜனவரி 31இல், ஆளுநர் நாயகம் வின்சென்ட் மாசியின் காலத்தில், நல்விளைச்சலுக்காக இறைவனுக்கு நன்றி செலுத்தும் நாளென ஒக்ரோபரின் இரண்டாவது திங்கள் நிலைநிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் இதே பெயருடைய நாள் நவம்பரின் நான்காம் வியாழனன்று வருகிறது. கனடாவில் குளிர் முந்துவதால் அறுவடையும் முன்னரே முடிந்துவிடுகிறது.

அரசாணைகளுக்கும் கப்பல்களுக்கும் மிக முற்பட்ட நன்றி மரபு ஒன்று இந்நிலத்திலேயே உண்டு. தென் ஒன்ராறியோவிலும் நியூயோர்க் மாநிலத்திலும் வாழும் ஹோடனோஷோனி மக்கள், கூட்டங்களின் தொடக்கத்தில் நன்றியுரை ஒன்றை நிகழ்த்துகின்றனர். மனிதர், நிலம், நீர், மீன், பயிர், மூலிகை, விலங்கு, மரம், பறவை, காற்று, இடி, ஞாயிறு, திங்கள், விண்மீன் என ஒவ்வொன்றையும் விளித்து நன்றி கூறி, அனைவரின் மனமும் ஒன்றுபட்டதென உறுதிசெய்த பின்னரே அடுத்ததற்குச் செல்கின்றனர். ஆண்டுக்கு ஒரு நாள் என்ற வரையறை அதற்கு இல்லை. சோளம், அவரை, பூசணி ஆகிய மூன்றையும் ஒரே மேட்டில் நட்டு, மூன்று சகோதரிகள் என்று அவர்கள் அழைக்கின்றனர். சோளத்தண்டில் அவரைக்கொடி படர்கிறது; பூசணி இலை மண்ணின் ஈரம் காக்கிறது. பொங்கலன்று கதிரவனுக்கும் மறுநாள் மாட்டுக்கும் நன்றி செலுத்தும் தமிழர்க்கு இம்மரபு அந்நியமாகத் தோன்றாது. தைப்பொங்கல் வரும்போது கனடிய வயல்கள் பனியின்கீழ் உறைந்து கிடக்கும். இங்கு விளைச்சலைக் கண்ணால் காண வேண்டுமாயின் ஒக்ரோபரே உரிய பருவம்.

உணவைப் பொறுத்தவரை தமிழ்க் குடும்பங்கள் தத்தம் வழியைக் கண்டுகொண்டுள்ளன. இந்நாள் புரட்டாசி மாதத்தில் வருவதாலும், பல ஆண்டுகளில் நவராத்திரியை ஒட்டி அமைவதாலும், வான்கோழி எல்லா வீடுகளிலும் ஏறுவதில்லை. விரதம் இல்லாத வீடுகளில் அது மிளகும் சரக்குத்தூளும் சேர்ந்த பிரட்டலாகவும் உருமாறுகிறது. பூசணி வாங்குவோர் ஒன்றைக் கவனித்தல் நன்று: ஹலோவீனுக்குச் செதுக்க விற்கப்படும் பெரிய காய்களில் சுவை குறைவு, கறிக்கும் இனிப்புக்கும் சிறிய காய்களே ஏற்றவை.

அந்தப் பூசணியையும் ஆப்பிளையும் பறித்த கைகளைப் பற்றிப் பண்டிகை வாழ்த்து அட்டைகள் பேசுவதில்லை. 1966இல் ஜமெய்க்காவிலிருந்து 264 தொழிலாளர்கள் ஒன்ராறியோவின் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டனர். அன்று தொடங்கிய பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டத்தின்கீழ் கரிபியன் நாடுகளிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் இன்றும் பலர் வருகின்றனர். ஆண்டொன்றில் அதிகபட்சம் எட்டு மாதங்கள் உழைத்துவிட்டு ஊர் திரும்புகின்றனர். குடும்பங்கள் ஒன்றுகூடும் இந்த வார இறுதியில் அவர்களிற் பலர் தம் குடும்பத்தைப் பிரிந்தே இருக்கின்றனர். பிள்ளையின் கேள்விக்கு இவர்களும் ஒரு விடை.

கனடியத் தமிழர்க்கு மற்றொரு விடை கடலிலிருந்து வருகிறது. 1986 ஓகஸ்ட் 11ஆம் நாள், நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் நெருக்கியடித்திருந்த 155 பேர் இலங்கைத் தமிழர். அவர்களைக் கண்ட மீனவர் கஸ் டால்ட்டன் தம் படகில் இயன்றவரை ஏற்றிக்கொண்டு உதவிக்கு அழைத்தார். பிற மீன்பிடிப் படகுகளும் கடலோரக் காவற்படையும் வந்து சேர்ந்தன. சென் ஜோன்ஸ் நகரில் மெமோரியல் பல்கலைக்கழக விடுதியில் அவர்களுக்குத் தங்குமிடம் கிடைத்தது. முதலில் கூறியவாறு இந்தியாவிலிருந்தன்றி மேற்கு ஜேர்மனியிலிருந்து அவர்கள் புறப்பட்டிருந்தனர் என்பது விரைவில் தெரியவர, நாட்டில் கடும் விமர்சனமும் எழுந்தது. ஆயினும் ஓராண்டு தங்கி வேலைசெய்ய அரசு அனுமதி வழங்கியது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அவர்களிற் சிலர் நியூபவுண்லாந்துக்குத் திரும்பிச் சென்று தம்மைக் காத்த மக்களுக்கு நேரில் நன்றி தெரிவித்தனர். படகை நிறுத்திய மீனவர் எவரிடமும் பயணச் சான்றுகளைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இவ்வாறு அடைக்கலமும் வேலையும் பெற்ற சமூகத்தில் நன்றியுணர்வு சில வேளைகளில் வாயடைக்கும் கடனாகவும் மாறிவிடுகிறது. வேலை தந்த முதலாளியிடம் விடுமுறைச் சம்பளம் கேட்டால் நன்றிகெட்டவர் என்று எண்ணுவாரோ எனத் தயங்குவோர் உளர். நன்றி வேறு, உரிமை வேறு. ஒன்ராறியோவின் ஒன்பது பொது விடுமுறைகளில் இந்நாளும் ஒன்று; சில தொழில்களுக்கு விலக்கு உண்டெனினும், பகுதிநேரத் தொழிலாளர் உட்படப் பெரும்பாலோருக்கு அன்றைய சம்பளம் உரியது. விடுமுறை வரும் வாரத்திற்கு முந்தைய நான்கு வேலை வாரங்களில் ஈட்டிய வழக்கமான சம்பளத்துடன் அக்காலத்துக்குரிய விடுப்பு ஊதியத்தையும் கூட்டி, 20ஆல் வகுக்க வேண்டும். விடுப்பு ஊதியத்தை நீக்கிப் பார்த்தால், மணிக்கு 20 டொலர் வீதம் வாரம் 20 மணி நேரம் உழைப்பவர் நான்கு வாரங்களில் 1,600 டொலர் ஈட்டுகிறார்; அவருக்குரிய விடுமுறைச் சம்பளம் 80 டொலர். அன்று ஐந்து மணி நேரம் வேலைசெய்ய எழுத்தில் உடன்பட்டால், அந்த 80 டொலருடன் ஒன்றரை மடங்கு வீதத்தில் 150 டொலரும் சேரும்; அல்லது வழக்கமான சம்பளத்துடன் வேறொரு நாளில் சம்பளத்துடன் கூடிய விடுப்புப் பெறலாம். தக்க காரணமின்றி விடுமுறைக்கு முந்தைய அல்லது பிந்தைய வேலைமுறைக்குச் செல்லாதவர் இவ்வுரிமையை இழக்க நேரிடும்.

சம்பளம் மறுக்கப்பட்டால் மாகாணத் தொழில் அமைச்சிடம் கட்டணமின்றி முறையிடலாம். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். முறையிட்டவரைப் பழிவாங்குவது சட்டவிரோதமாகும். வங்கி, விமானச் சேவை, மாகாணங்களுக்கு இடையிலான பாரவூர்திப் போக்குவரத்து ஆகியவற்றில் பணிபுரிவோருக்கு மத்திய அரசின் தொழிற்சட்டம் பொருந்தும். அங்கும் இந்நாள் விடுமுறையே, ஆனால் விதிகளில் வேறுபாடு உண்டு.

2026இல் நன்றி நவிலல் நாள் ஒக்ரோபர் 12ஆம் திகதியும், 2027இல் ஒக்ரோபர் 11ஆம் திகதியும் வருகின்றன. அன்று அரச அலுவலகங்களும் வங்கிகளும் மூடப்பட்டிருக்கும். மருந்து தேவைப்படும் முதியோர் வெள்ளிக்கிழமைக்குள் வாங்கி வைத்துக்கொள்வது நன்று. உணவு வங்கிகள் இப்பருவத்தில் நன்கொடை திரட்டுகின்றன. அரிசி, பருப்பு, தகரத்தில் அடைத்த மீன் போன்றவற்றுள் எவை தேவை என்று முன்கூட்டியே கேட்டறிந்து கொடுத்தால் அவை வீணாகாது. உணவு தேவைப்படும் குடும்பங்களும் தயங்க வேண்டியதில்லை. 211 என்ற இலக்கத்தை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கூறினால், அருகிலுள்ள உணவு வங்கி பற்றிய விவரம் இலவசமாகக் கிடைக்கும்.