தலைச்செதிலும் மருந்து செல்லும் வழியும்

புதுச்சேரி நகரின் தென்புறத்தில், அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டித் தேங்காய்த்திட்டு என்றோர் ஊர் உண்டு. பெயரிலேயே தேங்காய்! நம் பாடமும் தேங்காய் எண்ணெயில்தான் தொடங்கப் போகிறது, மாணவர்களே.

அவ்வூரில் உங்கள் வயதுடைய மாணவன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவனுடைய சட்டையின் தோள்பட்டையில் வெள்ளைச் செதில்கள் உதிர்ந்து கிடக்கின்றன. பக்கத்தில் உட்காரத் தோழர்கள் தயங்குகிறார்கள். முடிதிருத்துபவர் வேறு சீப்பைத் தேடுகிறார். அவனுக்கு வந்திருப்பது வெறும் பொடுகு அன்று, சொரியாசிஸ். சித்த மருத்துவர்கள் இதைக் காளாஞ்சகப்படை என்பர். தொட்டாலோ சீப்பைப் பகிர்ந்தாலோ இது பிறருக்கு ஒட்டாது. இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

மேல்தோலின் அடியில் பிறக்கும் செல் மேலேறி உதிர ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்திலோ, உடலின் நோய் எதிர்ப்பு ஏற்பாடு தவறாகத் தூண்டுவதால், அப்பயணம் சில நாள்களிலேயே முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் அடுக்கடுக்காகக் குவிந்து செதிலாகின்றன.

இப்போது ஒரு கேள்வி. ஓலைமேல் ஓலையாக வேய்ந்த கூரைக்குள் மழைநீர் இறங்குமா? இறங்காது அல்லவா? தடித்த செதிலின்மேல் தடவிய மருந்தின் கதியும் அதுவே. போதாக்குறைக்கு மயிர் வேறு மருந்தை வாங்கிக்கொள்கிறது. "எத்தனை களிம்பு பூசியும் பயனில்லை" என்று சலித்துக்கொள்பவர் பலர். மருந்தின்மேல் பழி போடுமுன், அது தோலைத் தொட்டதா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, கூரையைப் பிரிப்பது. தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாகத் தடவிச் சில மணி நேரம் ஊறவிட்டால் செதில் இளகும். மருத்துவர்கள் இதனுடன் சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்தையும் தருவதுண்டு. அது செல்களைப் பிணைத்திருக்கும் பசையைத் தளர்த்துகிறது. நம் வீடுகளில் வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயிலிட்டு வெயிலில் வைப்பார்கள். எண்ணெய் அழகிய ஊதா நிறம் பெறும். பலன் கிடைத்தால் இலையைப் புகழ்வோம். எண்ணெயின் பங்கை மறந்துவிடுகிறோம்! இளகிய செதிலை மெல்லச் சீவி எடுக்கலாம். நகத்தால் பிய்க்கக் கூடாது. காயம்பட்ட இடத்தில் புதிய படை தோன்றும் என்பதைக் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

அடுத்ததே மருந்து. நிலக்கரியைக் காற்றுப்படாமல் சூடாக்கினால் தார் கிடைக்கும் என்று வேதியியலில் படித்திருப்பீர்கள். அத்தாரைச் சேர்த்த ஷாம்பு, செல்களின் அவசரப் பெருக்கத்தைக் குறைக்கிறது. நாற்றம் உண்டு, துணியில் கறையும் படியும். தேய்த்தவுடன் கழுவிவிட்டால் பயனில்லை. சில நிமிடம் தலையில் இருக்க வேண்டும்.

அழற்சியை விரைந்து தணிப்பவை ஸ்டீராய்டு மருந்துகள். தலைக்குக் களிம்பைவிட நீர்மமோ நுரையோ ஏற்றது, களிம்பு மயிரில் அப்பிக்கொள்ளும் என்பதால். வகிடு எடுத்து, தோலின்மேல் சொட்டுவிட்டு, விரல்நுனியால் தேய்க்க வேண்டும். வீரியமான ஸ்டீராய்டை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும். திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் சீறி எழலாம். அண்டை வீட்டார் சொன்னார் என்று மருந்துக்கடையில் வாங்கித் தடவுவது இதனாலேயே ஆபத்து.

வைட்டமின் டி-யின் உறவான கால்சிபோட்ரியால் என்ற மருந்தும் உண்டு. அதன்மேல் சாலிசிலிக் அமிலம் பட்டால் அது சிதைந்துபோகும்! இரண்டையும் ஒன்றாகத் தடவியவர், தம் மருந்தைத் தாமே அழித்தவர் ஆவார்.

தேங்காய்த்திட்டு மாணவனுக்குத் தொலைவு அதிகமில்லை. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், அதே நகரின் கோரிமேட்டில் இருக்கிறது. தோல் மருத்துவரிடம் போகும்போது, இதுவரை தடவிய எல்லாவற்றின் பெயரையும் அவன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். விரல் மூட்டுகளில் வலியோ வீக்கமோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லட்டும். இந்நோய் சிலருக்கு மூட்டுகளையும் தாக்குவதுண்டு.