சின்ன இன்ஜின் பழுதுபார்க்க எங்கே கற்பது?

பிரஷ் கட்டரும் பவர் வீடரும் பழுதுபார்க்கக் கற்க நினைக்கும் இளைஞருக்கு ஐ.டி.ஐ., குறுகிய காலப் பயிற்சி, ஊர்ப் பட்டறை என்று மூன்று வழிகள் உண்டு. ஐ.டி.ஐ. என்றதும் பலர் டீசல் மெக்கானிக் பிரிவைத்தான் கேட்கிறார்கள், ஓராண்டில் முடிந்துவிடும். ஆனால் டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. தோளில் மாட்டிப் புல் வெட்டும் டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் இயந்திரம் பெரும்பாலும் மக்கர் செய்வது அந்த இரண்டில்தான். ஆகவே உங்கள் வட்டாரத்தில் பவர் டில்லரும் டீசல் பம்ப்செட்டும் மிகுதி என்றால் டீசல் பிரிவு சரி. பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் செயின் சா, பவர் ஸ்பிரேயர் என்றால், பெட்ரோல் இன்ஜினும் சேர்ந்து வரும் இரண்டாண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவே மேல்.

இரண்டு வருஷம் வீண், பட்டறையில் சேர்ந்தால் முதல் மாதமே நாலு காசு வரும் என்பார்கள். கை பழகுவதில் பட்டறைக்கு ஈடில்லை. அதை மறுக்க முடியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பிஸ்டன் பிடித்துக்கொண்டு வரும் இன்ஜினுக்குப் புதுப் பிஸ்டன் போட்டு அனுப்பினால் அன்றைக்கு ஓடும். பெட்ரோலில் ஆயில் போதிய அளவு கலக்கவில்லையா, கிராங்க் சீல் வழியாகக் காற்று புகுந்ததா என்று பார்க்காவிட்டால் அது மறுபடியும் பிடிக்கும். கம்ப்ரஷன், ஸ்பார்க், எரிபொருள் என்று வரிசையாகச் சோதிக்கவும், மைக்ரோமீட்டர் வைத்துத் தேய்மானம் அளக்கவும் பாடத்திட்டம் பழக்குகிறது. அவசர வேலைக்கு நடுவே பட்டறைக்காரருக்கு அதற்கு நேரமிருப்பதில்லை. படிப்பை முடித்தபின் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி உதவித்தொகையோடு பழகுநராகச் சேரலாம் என்பதால், பட்டறை அனுபவமும் கைவிட்டுப் போகாது.

குறுகிய காலப் பயிற்சி ஏற்கெனவே ஸ்பேனர் பிடித்தவர்களுக்கானது. ஆந்திராவில் அனந்தபூர் அருகே கார்லதின்னேயில் உள்ள ஒன்றிய அரசின் வேளாண் இயந்திரப் பயிற்சி நிலையத்தில் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. புதியவர் அதை மட்டும் நம்பிக் கடை போடக் கூடாது.

பேட்டரி இயந்திரங்கள் வந்துவிட்டனவே என்று தயங்குபவர்களுக்கும் விடை மேலே சொன்னதில் இருக்கிறது. மல்டிமீட்டர் பிடிக்கவும் சர்க்யூட் படிக்கவும் ஐ.டி.ஐ.யில் கற்றவருக்கு மோட்டார் பக்கம் தாவுவது எளிது. பாகம் மாற்ற மட்டும் பழகியவருக்குத்தான் சிரமம். விண்ணப்பம் போடுமுன் ஒருநாள் அந்த ஐ.டி.ஐ.யின் பணிமனைக்குப் போய்ப் பாருங்கள். பிரித்துப் பூட்டிப் பழக எத்தனை பெட்ரோல் இன்ஜின்கள் இருக்கின்றன என்று கேளுங்கள்.