மீன் தொட்டியும் நீரின் இயல்பும்

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்கள் நீந்தித் திரிதல் கண்ணுக்கினிய காட்சியாகும். ஆற்று மீன், தனக்கு ஒவ்வாத நீரை விட்டு வேறிடம் செல்லலாம். தொட்டி மீனுக்கு அவ்வழி இல்லை. ஆதலின், மீன் வளர்ப்போர் நீரின் இயல்பை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

நீரின் அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் காட்டும் அளவையைப் பி.எச். என்பர். இதனை டென்மார்க்கு நாட்டு அறிஞர் சோரன்சென் 1909ஆம் ஆண்டில் வகுத்தார். 7 என்பது நடுநிலை, அதற்குக் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். ஓர் எண் இறங்கினால் அமிலத் தன்மை பத்து மடங்காகும். இரண்டு எண் இறங்கினால் நூறு மடங்காகும். சிறிதெனத் தோன்றும் மாற்றமும் மீனுக்குப் பெரிதாவது இதனாலேயே.

நியான் டெட்ரா சற்றே அமிலமான நீரை விரும்பும். கப்பியும் மாலியும் சற்றே காரமான நீரை விரும்பும். ஆயினும், வீட்டு மீன்களுட் பல, தம் விருப்பத்திற்குச் சிறிது மாறான நீரிலும் மெல்லப் பழகிக்கொள்ளும். திடீர் மாற்றத்தையே அவை தாங்குவதில்லை.

நீரிற் கரைந்துள்ள பைகார்பனேட்டு உப்புகள், சேரும் அமிலத்தை ஏற்றுப் பி.எச். அளவைக் காக்கின்றன. அவை மிகுந்த நீரில் சிறிது அமிலம் இட்டால், அளவு இறங்கி மீண்டும் ஏறிவிடும். அதுகண்டு பொறுமையிழந்து மேலும் மேலும் இடுவோர் உண்டு. உப்புகள் தீர்ந்தவுடன் அளவு சடுதியில் வீழும், மீன்கள் மடியும். காரத்தை அவசரமாக இடுவதும் தீங்கே. மீன்களின் கழிவால் உண்டாகும் அம்மோனியா, அமில நீரில் பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியமாக இருக்கும். அளவு ஏறினால் நஞ்சாக மாறும். நெடுநாள் நீர் மாற்றாத தொட்டியில் இவ்விடர் மிகுதி.

ஆதலின், முதலில் சோதனைத் துளிகளைக் கொண்டு சில நாள் காலையும் மாலையும் அளந்து குறித்தல் வேண்டும். அளவைக் குறைக்க, உப்பு நீக்கிய நீரைச் சிறிது சிறிதாகக் கலக்கலாம். உயர்த்த, சிப்பித் துண்டுகளைத் துணிப்பையில் கட்டித் தொட்டியில் இடலாம். அவை மெல்லக் கரைந்து பயன்தரும். மாற்றும் நீரை வேறு கலத்தில் ஆயத்தம் செய்து, குளோரின் நீக்கி, ஒருமுறைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் மாற்றுக. பி.எச். அளவு நாளொன்றுக்கு 0.2க்கு மேல் மாறலாகாது.

மீனுக்காக நீரை ஓயாது மாற்றுவதினும், கிடைக்கும் நீருக்கேற்ற மீனைத் தேர்ந்து வளர்ப்பதே சிறந்த நெறியாகும்.