மருந்துக் கூர்க்கன்: வேரைக் காத்தால் வருவாய் உண்டு

வீட்டு முற்றத்துத் துளசியும், சளிக்குப் பறித்துக் கொடுக்கும் கற்பூரவல்லியும் நீங்கள் அறிந்த செடிகளே. இவற்றின் இளந்தண்டைத் தொட்டுப் பாருங்கள். உருண்டையாக இராது, நான்கு பட்டைகளுடன் இருக்கும். இலையைக் கசக்கினால் மணம் வரும். இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு குறுஞ்செடிதான் மருந்துக் கூர்க்கன். கோலியஸ் என்றால் பலருக்கு எளிதில் விளங்கும். சேலம் மாவட்டத்து ஆத்தூர் பகுதியிலும் கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் இதனைப் பயிரிட்டு வருகின்றனர். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சரிவு நிலங்களுக்கும் இப்பயிர் ஏற்றதே. ஆயினும் நடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன.

தென் மாவட்டங்களிலும் கேரளத்திலும் சமைத்து உண்ணும் சிறுகிழங்கையும் கூர்க்கன் என்றே அழைப்பர். அது வேறு, இது வேறு. நாற்று வாங்கும்போது இந்தப் பெயர்க் குழப்பத்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

பயன் எங்கே இருக்கிறது?

மருந்துக் கூர்க்கனின் செல்வம் அதன் வேரில் உள்ளது. விரல் பருமனில் கொத்தாகப் பருத்து வளரும் வேர்க்கிழங்குகளில் ஃபோர்ஸ்கோலின் என்னும் மருந்துப் பொருள் உள்ளது. 1970களில் லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தாரும், மும்பையில் இருந்த ஹெக்ஸ்ட் ஆய்வு மையத்தாரும் இதனைப் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்தைக் குறைக்கவும், இதயத்தின் சுருங்கும் ஆற்றலைக் கூட்டவும், கண்ணின் உள்ளழுத்தத்தைத் தணிக்கவும் வல்லது என்பதால் உலகெங்கும் இது ஆராயப்பட்டது. குஜராத்தில் இவ்வேரை ஊறுகாயாகப் போட்டு உண்பதும் உண்டு. ஆனால் மருந்தாக எண்ணி நாமே அரைத்துக் குடிக்கக் கூடாது. இரத்த அழுத்தத்திற்கு ஏற்கனவே மாத்திரை உட்கொள்வோருக்கு இது தீங்காக முடியலாம்.

நல்ல உலர்ந்த வேரிலும் ஃபோர்ஸ்கோலினின் அளவு அரை சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதாவது ஒரு டன் காய்ந்த வேரில் ஏறத்தாழ 5 கிலோதான். ஆகையால் வாங்குவோர் எடையுடன் தரத்தையும் பார்க்கின்றனர். இலை எவ்வளவு செழித்தாலும் அதற்குக் காசு இல்லை. வேர் அழுகினாலும், பூசணம் பூத்தாலும், விற்கும் இடம் அமையாவிட்டாலும் ஆறு மாத உழைப்பு வீணாகும். இந்த மூன்று இழப்புகளையும் தவிர்ப்பதே இப்பயிரின் சாகுபடி நுட்பம்.

மண்ணும் பருவமும்

இமயமலை அடிவாரச் சரிவுகளில் 600 முதல் 1,800 மீட்டர் உயரம் வரை இச்செடி தானாகவே வளர்கிறது. வெயில் படும், நீர் தேங்காத சரிவே அதன் பிறப்பிடம். நம் நிலத்திலும் அதுவே தேவை. நல்ல வடிகால் வசதியுள்ள செம்மண், செம்மண் கலந்த வண்டல், மணற்பாங்கான செம்மண் ஆகியவை ஏற்றவை. கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருத்தல் நலம். களிமண் நிலமும், ஓடை ஓரத்துப் பள்ளமும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஓர் அடி ஆழத்தில் குழி தோண்டி நீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நீர் நின்றால் அந்த நிலத்தில் வேறு பயிர் வைப்பதே மேல்.

ஜூன்-ஜூலை, செப்டம்பர்-அக்டோபர் ஆகிய இரு பருவங்களிலும் நடலாம். ஆடியில் நட்ட பயிருக்கு வேர் பருக்கும் காலமும் ஐப்பசி மழையும் ஒன்றாக வரும். அப்போது வயலில் இரண்டு நாள் நீர் நின்றால் போதும், வேரழுகல் தொடங்கிவிடும். எனவே வடிகாலை மழைக்கு முன்பே சீர்செய்ய வேண்டும். மழை வந்த பிறகு மண்வெட்டி எடுப்பதில் பயனில்லை.

நிலம் தயாரித்தல்

இரண்டு மூன்று முறை ஆழ உழுது மண்ணைப் பொலபொலப்பாக்க வேண்டும். ஏக்கருக்கு 6 டன் நன்கு மக்கிய தொழு உரம் இட வேண்டும். மக்காத எரு இட்டால் வேரைத் தாக்கும் நோய்கள் பெருகும். பிறகு 60 செ.மீ. இடைவெளியில் பார்கள் அமைக்க வேண்டும். மலைச் சரிவில் பார்களைச் சரிவுக்குக் குறுக்காக அமைத்து, ஓரத்தில் உள்ள வடிகாலை நோக்கி இலேசான வாட்டம் கொடுங்கள். மேலிருந்து கீழாகப் பார் பிடித்தால் மண்ணும் எருவும் மழையோடு ஓடிவிடும். மரவள்ளி வைத்த சரிவுகளில் இந்த மண் இழப்பைப் பலரும் கண்டிருப்பீர்கள்.

கத்தரி, தக்காளி, மிளகாய் இருந்த நிலத்தில் உடனே கூர்க்கனை நட வேண்டாம். அவற்றைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவும் வாடல் நோயும் கூர்க்கனையும் தாக்கும். சாமை, சோளம் போன்ற தானியப் பயிர் எடுத்த நிலம் நல்லது. அதே நிலத்தில் கூர்க்கனையே அடுத்தடுத்து வைப்பதும் தவறு.

நாற்றும் நடவும்

விதையிலிருந்து வரும் செடிகள் ஒரே தன்மையுடன் இரா. நோயற்ற, திரட்சியான தாய்ச் செடிகளின் நுனித் தண்டுகளையே பயன்படுத்த வேண்டும். 10 முதல் 12 செ.மீ. நீளத்தில், மூன்று நான்கு இணை இலைகளுடன் வெட்டுங்கள். நிழலுள்ள மேட்டுப்பாத்தியில் ஊன்றித் தினமும் பூவாளியால் நீர் தெளித்தால் ஒரு மாதத்திற்குள் வேர்பிடித்து நடவுக்குத் தயாராகிவிடும்.

வாடிய வயலிலிருந்து எவரேனும் இலவசமாகத் தண்டு கொடுத்தாலும் வாங்காதீர்கள். நோய் அத்தண்டுடன் உங்கள் வயலுக்கு வந்துவிடும்.

பாரின் பக்கவாட்டில் செடிக்குச் செடி 45 செ.மீ. விட்டு நட வேண்டும். ஏக்கருக்கு ஏறத்தாழ 15,000 செடிகள் தேவைப்படும். நட்டவுடன் ஒரு தண்ணீர் விட வேண்டும். மழை இல்லாவிடில் முதல் இரண்டு வாரங்களுக்கு மூன்று நாட்களுக்கு ஒரு முறையும், பின்னர் வாரம் ஒரு முறையும் பாய்ச்சினால் போதும்.

உரமும் பின்செய் நேர்த்தியும்

மண் பரிசோதனை செய்து அதன்படி உரமிடுவதே சிறந்தது. பொதுவாக ஏக்கருக்கு 16 கிலோ தழைச்சத்து, 24 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல்சத்து போதும். இதற்கு அடியுரமாக யூரியா 17½ கிலோ, சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ இட்டு, நட்ட 30ஆம் நாள் மேலும் 17½ கிலோ யூரியாவை மேலுரமாக இட்டு மண் அணைக்க வேண்டும். இலை பச்சையாக இருக்க வேண்டும் என்று யூரியாவைக் கூட்டினால் தழைதான் பெருகும், வேர் பெருகாது.

முதல் மாதத்தில் களை அண்டவிடக் கூடாது. பிறகு செடி படர்ந்து நிலத்தை மூடிவிடும். நீலநிறப் பூங்கதிர் தோன்றியதும் கிள்ளிவிடுங்கள். பூவுக்குச் செல்லும் சத்து வேருக்குச் சேரும்.

பயிர்ப் பாதுகாப்பு

இப்பயிரின் பெரும்பகை வேரழுகல், வாடல் நோய், நூற்புழு ஆகிய மூன்றும்தான். நூற்புழு வேரில் துளையிட்ட வழியே அழுகல் பூசணமும் நுழைவதால், இவை சேர்ந்து வரும்போது சேதம் பன்மடங்காகும். நோய் கண்ட செடியைப் பிழைக்க வைப்பது அரிது. வருமுன் காப்பதே வழி.

கடைசி உழவின்போது ஏக்கருக்கு 160 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள். 2 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 50 கிலோ மக்கிய எருவில் கலந்து, ஈரம் காத்து நிழலில் பதினைந்து நாள் வைத்திருந்து வயலில் தூவுங்கள். நாற்றின் வேரைச் சூடோமோனாஸ் கரைசலில் நனைத்து நடுங்கள். இடையிடையே செண்டுமல்லி நட்டு, மண் அணைக்கும்போது அதனை மடக்கிப் போட்டால் நூற்புழு குறையும்.

செடி பச்சையாகவே திடீரென வாடினால் அதன் அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால்போல் இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அச்செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். அந்தப் பாத்தியின் நீரை மற்ற பாத்திக்குப் பாயவிடக் கூடாது.

மாவுப்பூச்சிக்கும் இலை தின்னும் புழுக்களுக்கும் வேப்பெண்ணெய்க் கரைசல், வேப்பங்கொட்டைச் சாறு ஆகியவற்றையே முதலில் கையாளுங்கள். இது மருந்தாகும் வேர். இதில் பூச்சிக்கொல்லியின் எச்சம் தங்கினால் வாங்குவோர் முழுச் சரக்கையும் திருப்பிவிடக்கூடும்.

அறுவடையும் பதப்படுத்துதலும்

நட்ட ஐந்து முதல் ஆறு மாதங்களில் அறுவடைக்கு வரும். முதலில் வயலின் நான்கு மூலையிலும் இரண்டிரண்டு செடிகளைப் பிடுங்கி வேரின் திரட்சியைப் பாருங்கள். அடுத்த பருவத்திற்கான நுனித் தண்டுகளை அறுவடைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பின்னர் இலேசாக நீர்விட்டு, மண்வெட்டியால் மண்ணை நெகிழ்த்தி, வேர் அறாமல் செடியைப் பிடுங்க வேண்டும்.

ஏக்கருக்கு 6 டன் பச்சை வேர் கிடைத்தால் அது காய்ந்து 800 கிலோ அளவில்தான் நிற்கும். ஏழில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மண்ணை நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ மெல்லிய அடுக்காகக் காய வைக்க வேண்டும். ஈரம் 12 சதவீதத்திற்கு மேல் இருக்கக் கூடாது. வளைத்தால் வளையாமல் பட்டென ஒடிய வேண்டும். மலையில் மார்கழி, தை மாதங்களில் பனி மிகுதி. மாலை சாயுமுன் சரக்கை அள்ளி மூடிவிடாவிட்டால் பகலில் காய்ந்தது இரவில் ஈரமாகிப் பூசணம் பிடிக்கும். காய்ந்ததை உறையிட்ட சாக்கில் கட்டி, ஈரம் ஏறாத இடத்தில் வைத்து, காலம் கடத்தாமல் விற்றுவிடுங்கள். நெடுநாள் கிடந்தால் மருந்துச் சத்து குறையும்.

விற்பனையை முதலில் முடிவு செய்யுங்கள்

நெல்லும் மக்காச்சோளமும் எந்தச் சந்தையிலும் விலைபோகும். கூர்க்கனுக்கு அவ்வாறு இல்லை. சாறு பிரிக்கும் நிறுவனங்களும் அவற்றின் முகவர்களுமே வாங்குகின்றனர். நடவுக்கு முன்பே இவற்றைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள்: விலை பச்சை வேருக்கா, காய்ந்த வேருக்கா? எத்தனை சதவீத ஈரம் வரை ஏற்பர்? தரத்தை யார், எங்கே சோதிப்பர்? ஏற்றுக்கூலி யாருடையது? பணம் எத்தனை நாளில் வரும்? சரக்கைத் திருப்பினால் நாற்றுக் கடன் என்னவாகும்?

தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்திற்கென 2019ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. வாங்குவோருடன் செய்யும் உடன்பாட்டைப் பதிவு செய்வது பற்றி வேளாண் விற்பனைத் துறை அலுவலரைக் கலந்துகொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி வயலைக் கொடுக்க வேண்டாம்.

முதல் ஆண்டில் நிலம் முழுவதையும் இதற்கு ஒதுக்காதீர்கள். வீட்டுக்கு வேண்டிய சாமையையும் கேழ்வரகையும் விட்டுவிடாமல், கால் ஏக்கரில் நட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 3,750 செடிகள் போதும். செலவையும், காய்ந்த வேரின் எடையையும், கைக்கு வந்த தொகையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிலோவுக்கு என்ன செலவாயிற்று என்பதை அந்தக் கணக்கே சொல்லும். அடுத்த ஆண்டு பரப்பைக் கூட்டுவதா, குறைப்பதா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.